மாமா சொன்ன தலைநகரம்!

அக்கா மகள் நித்யா எட்டாம் வகுப்பு. போன மாதம் ஒரு சனிக்கிழமை சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவுமாக வந்து நின்றாள்.

"மாமா, எனக்கு கஜகஸ்தான் புராஜெக்ட். தலைநகரம் எது?"

நான் டி.வி-யில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். (பதினெட்டாவது ஓவர் சார்!) ஒரு கையால் செல்போனைத் தட்டினேன். முதலில் வந்த பக்கத்தைப் பார்த்து, "நூர்சுல்தான். எழுதிக்கோ!" என்றேன். ஜனத்தொகை? "ஒன்றரைக் கோடி!" அது வேறொரு பக்கம். ஐந்தே நிமிடம். மேட்சும் ஜெயிச்சாச்சு.

திங்கட்கிழமை வகுப்பில் வாசித்திருக்கிறாள். "தலைநகரம் தப்பு" என்றிருக்கிறார் டீச்சர். இவள் விடவில்லை. "இல்ல மிஸ், எங்க மாமா ஆபீஸ்ல வேலை பாக்கறார். அவரே சொன்னார்!" வகுப்பே சிரித்ததாம்.

சாயந்திரம் என்னோடு சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல மாமா" என்றாள். அவ்வளவுதான். அடுத்த சந்தேகத்துக்கு எதிர்வீட்டு அக்காவிடம் போய்விட்டாள். இன்கிரிமென்ட் தள்ளிப்போனபோதுகூட எனக்கு அப்படி வலித்ததில்லை!

நல்லவேளை, திருத்தி எழுத டீச்சர் ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போனேன். 1896-ல் திறந்தது. இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களில் ஒரு பிரதி வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. 'இங்கேயாவது ஒரே பதில் கிடைக்கும்' என்று நினைத்தேன்.

கிடைத்ததா? ஊஹூம்! ஒரு பழைய அட்லஸில் கஜகஸ்தான் தனி நாடே இல்லை. சோவியத் யூனியனுக்குள் இருக்கிறது, தலைநகரம் அல்மா-அதா. இன்னொன்றில் அக்மோலா. மூன்றாவதில் அஸ்தானா. எனக்குத் தலை சுற்றியது.

பக்கத்து நாற்காலியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "எதுவும் பொய் சொல்லலை தம்பி. அதது அச்சான வருஷத்தைச் சொல்லுது. முதல்ல பதிப்பாண்டைப் பாருங்க!"

பார்த்தோம். முடிச்சு அவிழ்ந்தது. கஜகஸ்தான் சுதந்திரம் பெற்றது 1991. அல்மாத்தியிலிருந்து தலைநகரம் அக்மோலாவுக்கு மாறியது 1997. மறு வருஷமே அதன் பெயர் அஸ்தானா. 2019-ல் முதல் அதிபர் நூர்சுல்தான் நஸர்பாயேவ் பதவி விலகியதும், அவர் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். 2022-ல் மறுபடி அஸ்தானா! நான் பார்த்த பக்கம் அந்த மூன்று வருஷத்துக்குள் எழுதியது.

ஜனத்தொகையும் அதே கதைதான். ஒன்றரைக் கோடி என்பது 1999 கணக்கெடுப்பு. 2023 நவம்பரில் இரண்டு கோடியைத் தொட்டுவிட்டார்கள். வருஷம் போடாத புள்ளிவிவரம், தேதி போடாத செக் மாதிரி!

அதற்காகப் பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய அட்லஸில் ஆரல் கடல் பெரிய நீலத் திட்டாக இருக்கும். புது அட்லஸில் துண்டு துண்டாகக் கிடக்கும். அதில் விழுந்த ஆறுகளை 1960-களிலிருந்து பருத்தி வயலுக்குத் திருப்பியதன் விளைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சோகம் புரியும்.

உங்கள் வீட்டிலும் ஒரு புராஜெக்ட் வரும். மூன்றே கேள்வி கேளுங்கள். யார் சொல்கிறார்கள்? எந்த வருஷம் சொன்னார்கள்? சம்பந்தமில்லாத இன்னொருவரும் அதையே சொல்கிறாரா? (ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்த பத்து பக்கங்கள், ஒரே சாட்சிதான்!) ஜனத்தொகை, வருமானத்துக்கு உலக வங்கியின் இணையதளம் இருக்கிறது, இலவசம். இந்தியாவுக்கும் அந்த நாட்டுக்கும் என்ன உறவு என்று நம் வெளியுறவு அமைச்சகத் தளத்தில் நாடுவாரியாகக் குறிப்பு இருக்கிறது. விக்கிபீடியாவா? பாருங்கள், தப்பில்லை. ஆனால் அடிக்குறிப்பில் காட்டியிருக்கும் மூலத்தைத் திறந்து படித்த பிறகே எழுதுங்கள்.

நித்யாவின் புது சார்ட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் வருஷம் இருந்தது. கீழே 'தகவல் உதவி' என்று நீளமான பட்டியல். ஆவலோடு தேடினேன்.

"என் பேரைக் காணோமே?"

"நீங்க தகவல் உதவி இல்ல மாமா... ஆட்டோ உதவி!"

அசடு வழிந்தேன். ஆனால், மறுநாள் அடுத்த சந்தேகத்தோடு அவள் வந்தது என்னிடம்தான். டி.வி-யை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.