பழைய காரின் மூட்டுகள்

மனித உடலில் எலும்போடு எலும்பு சேரும் மூட்டுகளில், அவ்விரண்டும் ஒன்றையொன்று அராமற் காக்கும் குருத்தெலும்பு இருக்கிறது. அது நன்றாயிருக்கும்வரை அதை எவரும் நினைப்பதில்லை. தேய்ந்த பின்னரே அதன் அருமை தெரிய வருகிறது. மோட்டார் வண்டிக்கும் இத்தகைய மூட்டுகள் உண்டு. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குகளும், சில்லுகளின் கைகளைப் பற்றியிருக்கும் புஷ்களுமே அவை. இரும்புக்கும் இரும்புக்கும் இடையே இருக்கும் இந்த இறப்பர்த் துண்டுகள் வண்டியின் மிகச் சிறிய உறுப்புகளுள் அடங்கும். ஆயினும், ஒரு பழைய கார் நம்பத் தகுந்ததா என்பதைப் பெரும்பாலும் இவையே தீர்மானிக்கின்றன.

கண்டியிலிருந்து பேராதனையையும் கலஹாவையும் கடந்து தெல்தோட்டைக்கு ஏறிச் செல்லும் வீதி இவ்வுண்மையைச் சோதிக்க ஏற்றதோர் இடமாகும். அவ்வழியில் வளைவுகள் பல. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். ஏறும்போது எஞ்சின் தன் முழு வலிமையையும் கூட்டி இழுக்கிறது. இறங்கும்போது வண்டியின் பாரமெல்லாம் முன்சில்லுகளின் மேல் விழுகிறது. தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்திலேதான் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையைப் பயிரிட்டு, இந்நாட்டின் தேயிலைத் தொழிலுக்கு வித்திட்டார். பின்னர் தோட்டத் துரைமாரின் காலத்தில் ஆங்கில நாட்டுக் கார்கள் மலைநாட்டு வீதிகளில் ஓடலாயின. நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தோட்டையில், 1930களிலேயே மலையேற்றக் கார்ப் போட்டிகள் நடைபெறத் தொடங்கிவிட்டன. அக்காலத்தவையும் அதற்குப் பிற்பட்டவையுமான ஸ்போர்ட்ஸ் கார்கள் சில இன்றும் இந்நாட்டில் ஆர்வலரால் பேணப்பட்டு வருகின்றன.

அவற்றுள் எம்.ஜி. பி என்னும் காரை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் இது செய்யப்பட்டது. இதன் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 1,798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடையது. அமைப்பு எளிது, மறைவான பகுதிகள் குறைவு. ஆதலால், ஒரு காரின் மூட்டுகளை அறிந்துகொள்வதற்கு இது நல்ல பாடநூலாகும்.

தொடக்க காலக் கார்களில் எஞ்சின் நேராகவே சட்டத்தோடு ஆணியிட்டு முடுக்கப்பட்டிருந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலுமாயின், ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டாக, வினாடிக்கு 100 வெடிப்புகள் அதனுள் நிகழ்கின்றன. அந்த அதிர்வு முழுவதும் சட்டத்தின் வழியே ஆசனத்துக்கும், ஆசனத்தில் இருப்பவரின் முதுகெலும்புக்கும் போய்ச் சேர்ந்தது. 1931ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளைமவுத் காரில் எஞ்சினை இறப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்த்தி, அம்முறைக்கு ‘மிதக்கும் ஆற்றல்’ என்று பெயரிட்டது. பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் அதன் உரிமையைப் பெற்று, நீரில் மிதக்கும் அன்னத்தைச் சின்னமாகப் பொறித்துத் தன் கார்களை விற்றது. எஞ்சின் சட்டத்தில் மோதாமல் அன்னம்போல் மிதக்கிறது என்பதே அதன் குறிப்பு.

அந்த இறப்பருக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு பழையது. 1839ஆம் ஆண்டு சார்ள்ஸ் குட்இயர் என்பவர், இறப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் நொறுங்காமலும் உறுதிபெறும் என்பதைக் கண்டறிந்தார். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே ஏறக்குறைய 1,900 கன்றுகள் இலங்கைக்கு வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. தேயிலையைப் போலவே இறப்பரும் இந்நாட்டு மண்ணுக்கு வந்து வேரூன்றிய விருந்தாளியே.

இனி, இவ்வுறுப்புகள் செய்யும் பணியைக் காண்போம். எம்.ஜி. பி காரின் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 200 கிலோகிராம் நிறையுடையன. முன்புறம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மவுண்டிங்குகளும், பின்புறம் கியர்ப் பெட்டியின் கீழ் குறுக்குச் சட்டத்தின் மேலுள்ள மவுண்டிங்குகளும் இப்பாரத்தைத் தாங்குகின்றன. முன் மவுண்டிங் ஒவ்வொன்றும் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஒட்டவைத்த இறப்பர்க் கட்டியாகும். பாரத்தைத் தாங்குவதும், அதிர்வைத் தன்னுள் அடக்குவதும், வேகங்கூட்டும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாய முயல்வதைத் தடுப்பதும் ஆகிய மூன்று பணிகளை அது ஒருங்கே செய்கிறது.

புஷ்களின் பணி வேறு. சில்லு மேலும் கீழும் அசைய வேண்டும். ஆனால் முன்னும் பின்னும் நகரலாகாது. இந்த முரண்பட்ட இரு கட்டளைகளையும் நிறைவேற்றுவது புஷ். முன்சில்லின் கீழ்க்கைகள் சட்டத்தைச் சேரும் இடத்திலும், பின்புறப் பட்டை ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும், வளைவில் வண்டி சரியாமற் காக்கும் கம்பியின் பிடிகளிலும் புஷ்கள் உள்ளன. கீழ்க்கைகளில் மட்டும் பக்கத்துக்கு நான்காக எட்டு இறப்பர்த் துண்டுகள் உண்டு.

இறப்பருக்குப் பகைவர் பலர். எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெயை இயற்கை இறப்பர் உறிஞ்சிப் பருத்து மென்மையாகிறது. புகைக்குழாயின் வெப்பம் அதை இறுகச் செய்கிறது. காற்றிலுள்ள ஓசோன், இழுபட்டிருக்கும் இறப்பரின் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. இவற்றுள் கடைசிப் பகை, ஓடாத காரையும் விடுவதில்லை. ஆதலால், பல ஆண்டு கொட்டகையில் நின்ற கார் குறைந்த மைல்களே ஓடியது என்பதை நம்பி, அதன் இறப்பர்களும் புதியன என்று முடிவுசெய்வது பெருந்தவறு. இறப்பரின் வயதை மைல்களால் மட்டும் அளத்தல் கூடாது. ஆண்டுகளாலும் அளத்தல் வேண்டும்.

தேய்வின் அறிகுறிகள் தெளிவானவை. நின்றபடி எஞ்சின் ஓடும்போது ஸ்டியரிங்கும் கண்ணாடியும் நடுங்கும். கிளச்சை விடும்போது முன்புறத்தில் ‘தொக்’கென்று ஓர் ஒலி எழும். ஏற்றத்தில் கியர்க் கம்பி தானே அசையும். புகைக்குழாய் தரையில் இடிபடும். புஷ்கள் தேய்ந்தாலோ, அறிகுறி இறக்கத்திலேதான் வெளிப்படும். பிரேக்கை மிதித்தவுடன் முன்சில்லு ஒன்று தன் இடத்திலிருந்து பின்னே நகர்கிறது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. கலஹாவுக்கு இறங்கும் வளைவொன்றில் வண்டி இவ்வாறு ஓரடி விலகுமாயின், அந்த ஓரடியில் எதிரே வரும் பஸ் இருக்கலாம். அல்லது பள்ளத்தின் விளிம்பு இருக்கலாம். எஞ்சின் மவுண்டிங்கின் தேய்வு பெரும்பாலும் சௌகரியத்தைக் கெடுக்கிறது; புஷ்ஷின் தேய்வு உயிரோடு விளையாடுகிறது. “அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்னும் பழமொழி இன்றைய வண்டிக்கும் பொருந்துவதே.

சோதிக்கும் முறை கடினமன்று. கைப்பிரேக்கை இட்டு, கால்பிரேக்கையும் அழுத்தி, முதற் கியரில் கிளச்சைச் சிறிதளவே விட வேண்டும். மற்றொருவர் பக்கத்தில் நின்று எஞ்சினைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னே நிற்றல் ஒருபோதும் ஆகாது. எஞ்சின் சற்றே சாய்வது இயல்பு. ஒரு பக்கம் எழும்பி மீண்டும் வீழ்ந்தால், அப்பக்கத்து இறப்பர் தகட்டிலிருந்து பிரிந்துவிட்டது எனக் கொள்ளலாம். பெரும்பாலும் இடப்புற மவுண்டிங்கே முதலில் கிழிகிறது. எஞ்சின் இழுக்கும்போது அதன் எதிர்விசை அப்பக்கத்தை மேலே தூக்குவதே இதற்குக் காரணம். புஷ்களைச் சோதிக்க, கைக்கும் சட்டத்துக்கும் நடுவே கடப்பாரை முனையை வைத்து மெல்ல நெம்பிப் பார்க்க வேண்டும்.

மவுண்டிங்கை மாற்றுமுன் சமதரையைத் தேட வேண்டும். மலைநாட்டில் இதுவே முதற் சிரமம். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி மெல்லிய தகட்டாலானது. ஆதலால் ஜாக்கிக்கும் தொட்டிக்கும் நடுவே அகன்ற பலகையொன்றை வைத்தே தூக்க வேண்டும். இல்லையேல் தொட்டி நசுங்கும். மவுண்டிங்கின் மேல் பாரம் நீங்கும் அளவுக்கு மட்டுமே எஞ்சினை உயர்த்தினால் போதும். உயர்த்தும்போது விசிறி றேடியேற்றரில் முட்டுகிறதா, நீர்க்குழாய்கள் இழுபடுகின்றனவா என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னர் சுரைகளைக் கழற்றிப் பழையதை எடுத்து, தகடுகளின் துருவைத் துடைத்துப் புதியதை அமர்த்தலாம். எல்லா ஆணிகளையும் கையால் தொடுத்து, எஞ்சினைத் தன் பாரத்தில் இருக்கவிட்டு, அதன்பின்னரே இறுக்க வேண்டும். ஒரு பக்கம் கிழிந்திருந்தாலும் இரு பக்கத்தையும் மாற்றுவதே முறை. புதியதும் பழையதும் ஓரிணையாக நின்றால் பாரம் ஒரு பக்கமாகவே சாயும்.

இங்கே பலரும் மறக்கும் செய்தி ஒன்றுண்டு. இறப்பர் மின்னோட்டத்தைக் கடத்தாது. மவுண்டிங்குகளின் மேல் அமர்ந்திருக்கும் எஞ்சின் சட்டத்தோடு மின்தொடர்பின்றியே இருக்கிறது. தடித்த செப்புப் பட்டையொன்றே இரண்டையும் இணைக்கிறது. வேலைக்காக அதைக் கழற்றியவர் மீண்டும் பூட்ட மறந்தால், ஸ்டார்ட்டரின் பெரும் மின்னோட்டம் வேறு வழி தேடி, மெல்லிய அக்சிலேற்றர் கம்பியின் வழியே பாயும். கம்பி சூடேறிப் புகையும். ஆதலால், சாவியைத் திருப்புமுன் அப்பட்டையை ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நன்று.

புஷ்களை மாற்றுவதில் எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். முன்சில்லின் கீழ்க்கைகளின் மேல் சுருள் ஸ்பிரிங் பெரும் விசையோடு அமுங்கியிருக்கிறது. வண்டியை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, ஸ்பிரிங்கின் தட்டத்துக்குக் கீழே ஜாக்கியை வைத்து, ஆணியைக் கழற்றியபின் சிறிது சிறிதாக இறக்கியே அவ்விசையைத் தணிக்க வேண்டும். அவசரப்படுவோருக்கு அந்த ஸ்பிரிங் மன்னிப்பளிப்பதில்லை. பழைய இறப்பர் இரும்போடு ஒட்டிக் கிடக்குமாயின் நெருப்பிட்டு எரித்தல் ஆகாது. கத்தியால் கீறி எடுக்கலாம். புதியதை உட்செலுத்தும்போது கிறீஸ் பூசுவோர் உளர். மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எப்பொருளும் இயற்கை இறப்பரைக் கெடுக்கும் என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். சவர்க்கார நீரே போதுமானது; அது பணிமுடிந்தபின் உலர்ந்துவிடும்.

இறுக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. சில்லு அந்தரத்தில் தொங்கும்போது ஆணியை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் இறப்பர் முறுக்குண்டே நிற்கும். கழுத்தைத் திருப்பியபடியே நாள் முழுதும் இருக்கும் மனிதனின் நிலை அதற்கு உண்டாகும். இரும்புக் குழலோடு ஒட்டிச் செய்யப்படும் புஷ்கள் இதனாலேயே சில மாதங்களிற் கிழிகின்றன. ஆதலால் வண்டியின் பாரம் சில்லுகளின் மேல் இறங்கிய பின்னரே கடைசி இறுக்கம் நிகழ வேண்டும். சுரை கழலாமற் காக்கும் ஸ்பிளிட் பின் ஊசிகளைப் புதிதாக இட்டு, சில்லுகளின் நேர்மையை ஒரு நல்ல கராஜில் அளந்து சரிசெய்துகொள்ள வேண்டும்.

இக்காலத்தில் இறப்பருக்குப் பதிலாகப் பொலியூறிதேன் என்னும் செயற்கைப் பொருளாலான புஷ்களும் கிடைக்கின்றன. அவை எண்ணெய்க்கு எளிதில் அழிவதில்லை. வளைவில் வண்டியை உறுதியாகவும் வைத்திருக்கின்றன. ஓட்டப் பந்தயத்துக்கு இவை ஏற்றன. குழிகள் நிறைந்த வீதியிலோ, அதே உறுதி ஒவ்வோர் அதிர்ச்சியையும் பழைய சட்டத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. நாளடைவில் கீச்சென்ற ஒலியும் எழக்கூடும். பழைய காரின் உடலையும் பயணிப்பவரின் உடலையும் எண்ணுவோர் நல்ல இறப்பரையே தெரிந்தெடுப்பர். ஆனால் பல ஆண்டு அலுமாரியில் கிடந்த ‘புதிய’ இறப்பரும் பழையதே. வாங்குமுன் நகத்தால் அழுத்திப் பார்ப்பதும், மடித்து வெடிப்பு உண்டா எனப் பார்ப்பதும் அறிவுடைமை.

இவ்வேலை ஆர்வலரின் பொழுதுபோக்கோடு முடிந்துவிடுவதன்று. அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கையில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகளில் இந்நாட்டு வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த வண்டிகளே. ஆசிரியரின் சிறிய காரும், மரக்கறி ஏற்றும் வானும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவரும் வண்டியும் ஆண்டுதோறும் முதுமையடைந்தன. எம்.ஜி. பி காரில் காணும் அதே இறப்பர் விதி அவற்றுக்கும் உரியது. எஞ்சினைப் பழுதுபார்க்கப் பெரும்பணம் செலவிடுவோரும் இந்தச் சிறு துண்டுகளை ‘அடுத்த முறை பார்ப்போம்’ என ஒதுக்கிவிடுகின்றனர். வண்டியின் வலிமை எஞ்சினில் இருக்கலாம். அதில் ஏறுவோரின் பாதுகாப்போ, அந்த வலிமையைத் தாங்கியும் அடக்கியும் நிற்கும் கைப்பிடியளவு இறப்பரில் இருக்கிறது. அடுத்த இறக்கத்தில் இறங்குமுன் அதைக் குனிந்து ஒருமுறை பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.