பட்டினி கிடக்கும் மூளையைக் காட்டும் காந்தம்!

பக்கவாதம் வந்தவரின் மூளையில் எந்தப் பகுதி செத்துவிட்டது? எந்தப் பகுதி உயிருக்குப் போராடுகிறது? மண்டையைத் திறக்காமலே இதை அறிய ஒரு காந்தம் உதவுகிறது. அதுதான் எம்.ஆர்.ஐ. கருவி.

பெருந்தீனிக்காரன்

மூளையின் எடை சுமார் 1,400 கிராம். உடல் எடையில் 50-ல் ஒரு பங்குதான். ஆனால், மனிதன் சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜன் என்னும் பிராணவாயுவில் 5-ல் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது!

பிராணவாயுவைச் சுமந்து செல்வது ரத்தம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்தால் பக்கவாதம் வருகிறது. குழாய் வெடித்தாலும் வரும். பெரிய குழாய் அடைத்தால், நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பு அணுக்கள் மடிவதாக 2006-ல் கணக்கிட்டார்கள்.

தவிக்கும் பகுதி

அடைப்பினால் ரத்தமே கிடைக்காத நடுப்பகுதி சீக்கிரம் செத்துவிடும். சுற்றியுள்ள பகுதி உடனே சாவதில்லை. பக்கத்துக் குழாய்களிலிருந்து கொஞ்சம் ரத்தம் அதற்கு வரும். பஞ்ச காலத்தில் பானையைச் சுரண்டுவது போல, அந்த ரத்தத்தில் உள்ள பிராணவாயுவை வழக்கத்தைவிட அதிகமாக உறிஞ்சி, அது உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். காலத்தோடு அடைப்பை நீக்கினால் பிழைத்துக்கொள்ளும்.

இரும்பு சொல்லும் சேதி

ரத்தத்தில் இரும்பு இருக்கிறது. பிராணவாயுவோடு சேர்ந்திருக்கும் ரத்தத்தைக் காந்தம் இழுக்காது. பிராணவாயுவை இழந்த ரத்தத்தை லேசாக இழுக்கும். 1936-ல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங், சார்லஸ் கொரியல் என்ற இரு விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள்.

1990-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா, எலிகளின் மூளையைக் காந்தக் கருவியில் படம் பிடித்தார். பிராணவாயு குறைந்த ரத்தம் ஓடிய குழாய்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன!

மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது? திரும்பும் ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு மிச்சம்? இரண்டும் தெரிந்தால், மூளை செலவிட்டது எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். முன்பு இதற்குக் கதிரியக்கப் பிராணவாயுவை மூச்சில் செலுத்தினார்கள். அதன் வீரியம் 2 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதனால் அதைப் பக்கத்திலேயே தயாரிக்கவேண்டும். காந்தக் கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்த அளவு முறை பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களில்தான் நடக்கிறது. எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கிடைத்தால், யாருடைய மூளையைக் காப்பாற்ற முடியும் என்பதை டாக்டர்கள் இன்னும் தெளிவாக அறியலாம்.

ஆனால், எந்தக் கருவியாலும் செத்த மூளையை எழுப்ப முடியாது. வாய் ஒருபக்கம் கோணினால், ஒரு கை துவண்டால், பேச்சுக் குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். "விடிந்ததும் பார்க்கலாம்" என்று இருந்துவிடக்கூடாது!