உங்களுக்குத் தெரியுமா? ஹார்ட் டிஸ்க் தரும் முன்னெச்சரிக்கை



• டிஸ்க்கிலிருந்து ‘டக்... டக்...’ என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தாலோ, சின்னப் படம் திறக்கவே இழுத்தடித்தாலோ உஷார்!

• கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5, சி6 வரிகளைப் பாருங்கள். 05 என்பது பழுதாகி ஒதுக்கப்பட்ட பகுதிகள்; சி5 சந்தேகத்துக்குரியவை; சி6 படிக்கவே முடியாதவை. எண்கள் ஏறிக்கொண்டே போனால் ஆபத்து.

• ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கண்காணித்து 2007இல் கூகுள் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம்.

• அதே ஆய்வில், செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கிய எச்சரிக்கை எண்கள் எதையும் காட்டவில்லை. சத்தமே இல்லாவிட்டாலும் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்.