பட்ஜெட் பசங்களுக்கு ஒரு சென்னை வீக் எண்ட்!

'மச்சி, இந்த சனி, ஞாயிறு சென்னை போலாமா?'

ஹாஸ்டலில் இந்தக் கேள்வி விழுந்ததும் பத்து கை தூக்கும். புதன்கிழமை அது ஏழாகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் மூணு பேர் மட்டும் மெஸ் வாசலில் நின்று, 'சரிடா, செமஸ்டர் முடியட்டும்' என்று கலைந்திருப்பார்கள். மதுரை, திருச்சி, நெல்லை, கோவை... எந்த ஊர் காலேஜாக இருந்தாலும் டூர் ப்ளான் சொதப்புகிற கதை இதேதான்!

கடைசி நேரத்தில் கழன்றுகொள்கிறவர்களைக் கவனியுங்கள். 'ஊர்ல விசேஷம்', 'தலைவலிடா', 'அசைன்மென்ட் பாக்கி இருக்கு'... இந்தக் காரணங்களில் பாதிக்குப் பின்னால் இருப்பது காலி பர்ஸ். அதை அவன் சொல்ல மாட்டான், கூச்சம். நாமும் கேட்க மாட்டோம், கேட்டால் தப்பாக எடுத்துக்குவானோ என்ற பயம். விளைவு? கேங்கில் எப்போதும் அதே ரெண்டு பேர் மிஸ்ஸிங். குரூப் போட்டோவை மட்டும் அவர்கள் செல்போனில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால் ரூட் போடுவதற்கு முன்னால் காசு விஷயத்தைப் பேசிவிடுவோமா?

சீட்டு எழுதுங்க!

சிம்பிள் ஐடியா. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. 'என்னால் அதிகபட்சம் இவ்வளவுதான் முடியும்' என்று தொகையை மட்டும் எழுதி, மடித்து, ஒரு டப்பாவில் போடுங்கள். பெயர் வேண்டாம். பிரித்துப் பார்க்கும்போது எது ரொம்பக் குறைந்த தொகையோ, அதுதான் மொத்த கேங்குக்கும் பட்ஜெட். யார் எழுதியது என்ற ஆராய்ச்சிக்குத் தடை!

'அவ்ளோ கம்மியா வச்சா சென்னையில என்னடா பண்றது?' என்று ஒருத்தர் கண்டிப்பாகக் கேட்பார். அவருக்குத்தான் இந்தக் கட்டுரை. ஷாப்பிங் மாலும் மல்டிப்ளெக்ஸும் நம்ம ஊர்ப் பக்கமே வந்தாச்சு. சென்னையில் மட்டுமே இருக்கிற பல விஷயங்களுக்கு டிக்கெட்டே கிடையாது, அல்லது ரொம்பக் கொஞ்சம்தான்.

பட்ஜெட் முடிவானதும் அதில் போக, வர டிக்கெட்டை முதலில் கழித்துவிடுங்கள். மீதியில் ஐந்தில் ஒரு பங்கை 'தொடக் கூடாத காசு' என்று ஒருவரிடம் தனியாகக் கொடுத்து வையுங்கள். ஜுரம், செருப்பு அறுந்தது, ரயிலைக் கோட்டை விட்டது... இதற்கெல்லாம் அதுதான் கை கொடுக்கும்.

முதலில் திரும்பும் டிக்கெட்!

வெள்ளி இரவு கிளம்பி, ஞாயிறு இரவு திரும்புவதுதான் லாபம். ரெண்டு ராத்திரியும் தூக்கம் ரயிலில் என்றால் லாட்ஜ் வாடகை ஒரே ஒரு ராத்திரிக்குத்தான். மதுரைக்காரர்களுக்கு பாண்டியன், திருச்சிக்கு மலைக்கோட்டை, நெல்லைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ், கோவைக்கு சேரன் எனப் பழைய சிநேகிதர்கள் இருக்கவே இருக்கிறார்கள். இதில் ஞாயிறு இரவு ரயில்தான் சட்டென்று நிரம்பும். அதை முதலில் பிடியுங்கள்.

2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு அது 120 நாள். தட்கல் என்றால் முந்தைய நாள், ஏ.சி.க்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு தேவை. 10.59-க்கு ஆதாரைத் தேடிக்கொண்டிருந்தால் கதை கந்தல்! இன்னொன்று: உறுதியான தட்கல் டிக்கெட்டை நாமாக ரத்து செய்தால் பணம் திரும்ப வராது.

பஸ்ஸில் வருகிறீர்களா? தென் மாவட்ட அரசு பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தோடு நின்றுவிடும். சீனியர் அண்ணன் சொன்ன கோயம்பேடு கதையெல்லாம் பழசு. கிளாம்பாக்கத்திலிருந்து நகரத்துக்குள் போக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அந்த நேரத்தையும் காசையும் கணக்கில் சேருங்கள்.

ஒரே கோடு போதும்!

சென்னையில் பட்ஜெட்டை விழுங்குவது ஆட்டோ. வடபழனியில் ஒன்று, மெரினாவில் ஒன்று, கிண்டியில் ஒன்று என்று இடங்களைச் சிதறவிட்டால் பாதி நாள் டிராஃபிக்கிலேயே போய்விடும். அதற்கு வழி, பறக்கும் ரயில்! சென்னை கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை போகும் இந்தப் பாதையில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை, கோட்டூர்புரம், திருவான்மியூர் என்று முக்கால்வாசி சென்னை வரிசையாக வந்துவிடும். குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். இந்தக் கோட்டை விட்டு ரொம்ப விலகாமல் ரெண்டு நாளையும் ஓட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, அவ்வப்போது பராமரிப்புப் பணியும் நடக்கும். நேரத்தை முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை: எழும்பூர் டு மெரினா

எழும்பூரில் இறங்கி, குளித்து, டிபனை முடித்துவிட்டு நடக்கிற தூரத்தில் அரசு அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. 'மியூசியமா? ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்களே' என்று முகம் சுளிக்காதீர்கள். ஸ்கூலில் டீச்சர் விரட்டிக்கொண்டே போயிருப்பார். இப்போது நின்று பாருங்கள். வெண்கலக் கூடத்தில் இருக்கும் திருவாலங்காடு நடராஜர் ஒருவரே போதும், ரயில் செலவு சரியாகிவிடும். அமராவதி பவுத்தச் சிற்பங்கள், ஆளை மிரட்டும் திமிங்கில எலும்புக்கூடு என்று மதியம் வரை நேரம் போவது தெரியாது. வெள்ளிக்கிழமை விடுமுறை, ஆகவே சனி, ஞாயிறு பார்ட்டிகளுக்குப் பிரச்னை இல்லை. அதே வளாகத்தில்தான் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகமும் இருக்கிறது.

மதிய வெயிலுக்கு மியூசியம், சாயங்காலத்துக்குக் கோயிலும் கடற்கரையும்... இந்த வரிசை முக்கியம். பெரிய கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். வரிசையை மாற்றிப் போட்டால் பூட்டிய கதவு தரிசனம்தான்!

சாப்பிட்டுவிட்டு எழும்பூரிலிருந்து புறநகர் ரயிலில் கோட்டை நிலையம். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் சோதனை உண்டு. காலேஜ் ஐ.டி. கார்டு கையில் இருக்கட்டும். உள்ளே 1680-ல் கட்டிய புனித மேரி தேவாலயம் இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் நம்மைப் பாடாய்ப்படுத்திய ராபர்ட் கிளைவுக்கு 1753-ல் கல்யாணம் நடந்தது இங்கேதான்!

அங்கிருந்து பறக்கும் ரயிலைப் பிடித்துத் திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி கோயில், பாரதியார் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு, பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். செகண்ட் ஹேண்ட் பாடப்புத்தகம் வாங்கினால் வீட்டிலும் நல்ல பெயர்! பசிக்கு 1948-லிருந்து இருக்கும் ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி. பட்ஜெட் இன்னும் டைட்டா? 2013-ல் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கிய அம்மா உணவகங்கள் இருக்கின்றன. இங்கே சாப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை பாஸ்.

பொழுது சாய மெரினா. உழைப்பாளர் சிலையிலிருந்து தெற்கே நடந்தால் அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸை வைத்திருந்த ஐஸ் ஹவுஸ், அதாவது இன்றைய விவேகானந்தர் இல்லம். நடக்க நடக்க சுண்டல், மிளகாய் பஜ்ஜி. செலவு? அதிகம் நடப்பது கால்தான்!

ஞாயிற்றுக்கிழமை: மயிலை டு திருவான்மியூர்

காலையிலேயே திருமயிலை நிலையம். கபாலீஸ்வரர் கோயில், மாடவீதி, ஃபில்டர் காபி. பொடிநடையாக லஸ் சர்ச். 1639-ல் ஆங்கிலேயர் வந்த பிறகுதான் சென்னை என்று பாடப்புத்தகம் சொல்லும். இந்தச் சர்ச்சின் கல்வெட்டோ 1516 என்கிறது. போர்த்துக்கீசியர் கைங்கரியம். ரெண்டுக்கும் முன்னாலேயே மயிலாப்பூர் இருந்தது என்பது வேறு கதை.

வெயில் ஏறியதும் கோட்டூர்புரம். 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் மாடிகளைச் சும்மா ஒரு சுற்று சுற்றினாலே, 'நம்ம காலேஜ் லைப்ரரி இப்படி இருந்தா அரியர் வச்சிருப்போமா?' என்று தோன்றும். (வச்சிருப்போம்!) கொஞ்ச தூரத்தில் பிர்லா கோளரங்கம். தமிழ்க் காட்சி நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். இருட்டில் குளுகுளுவென்று நட்சத்திரம் பார்க்கலாம். குறட்டை விடுகிறவர்களை நடுவில் உட்கார வைக்காதீர்கள்.

மாலை திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில். அங்கிருந்து பஸ்ஸில் பெசன்ட் நகர் கடற்கரை. மணலில் வெள்ளையாக நிற்கும் அந்த வளைவு சினிமா ஷூட்டிங்குக்குப் போட்ட செட் இல்லை. 1930-ல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க்காரர் கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம்.

கடலோடு விளையாடாதே!

அந்த வளைவின் பக்கத்தில் நின்றுகொண்டு இதைப் படித்தால் சட்டென்று புரியும். மெரினாவில் குளிக்கத் தடை இருக்கிறது. கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் திடீரென்று கூடும். திரும்பும் அலை காலடி மணலை உருவிக்கொண்டு போகும். கிணற்றிலும் ஆற்றிலும் நீச்சல் பழகினவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். வெளியூரிலிருந்து வந்த மாணவர்கள் இப்படிப் போன செய்தியை எத்தனை திங்கட்கிழமை பேப்பரில் படித்திருக்கிறோம்? கணுக்கால் நனையட்டும், போதும். 'பயந்தாங்கொள்ளி' என்று யாராவது கலாய்த்தால் கலாய்த்துவிட்டுப் போகட்டும்.

கேர்ள்ஸ் கவனத்துக்கு...

பசங்க ப்ளாட்பாரத்தில்கூடப் படுத்து எழுந்துவிடுவார்கள். பெண்கள் தங்கும் இடத்தை முடிவு செய்யாமல் கிளம்பக் கூடாது. சென்னையில் படிக்கும் தோழியின் வீடு, உறவுக்காரர் வீடு என்றால் நல்லது. லாட்ஜ் என்றால் முன்பதிவும், ஆளுக்கு ஒரு அடையாள அட்டையும் வேண்டும். பறக்கும் ரயில் நிலையங்கள் சில ராத்திரியில் வெறிச்சோடிவிடும். எட்டரைக்குள் அறைக்குத் திரும்பும்படி ப்ளானை வையுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. ஒரு நல்ல சேதி: 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகர பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதாவது கேங்கில் பெண்கள் பட்ஜெட் கொஞ்சம் மிச்சம்.

வீட்டில் சொல்லாமல் போவது த்ரில் என்று நினைக்காதீர்கள். எங்கே தங்குகிறோம், எந்த ரயிலில் திரும்புகிறோம் என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டிப் பாருங்கள். பாதி 'நோ' அப்போதே 'சரி, பார்த்துப் போ' ஆகிவிடும்.

கணக்கை ரயிலிலேயே முடிங்க!

செலவை ஒருவர் மட்டும் நோட்டில் எழுதட்டும். ஞாயிறு ராத்திரி ரயில் கிளம்பியதும், தாம்பரம் தாண்டுவதற்குள் கணக்குப் பார்த்து மீதியைப் பிரித்துவிடுங்கள். 'காலேஜ் போய்ப் பார்த்துக்கலாம்' என்று விட்ட நாற்பது ரூபாயால் பேசாமல் போன ரூம்மேட்ஸ் எல்லா ஹாஸ்டலிலும் இருக்கிறார்கள்.

தொடாமல் வைத்த அந்த ஐந்தில் ஒரு பங்கு அப்படியே மிஞ்சியிருந்தால்? பிரிக்காதீர்கள். அடுத்த ட்ரிப்புக்கான உண்டியலில் முதல் காசு அது. ஜனவரியில் புத்தகக் கண்காட்சி, டிசம்பரில் சபாக்களின் இலவசப் பகல் கச்சேரிகள், கேன்டீன் பொங்கல்... சென்னை இன்னும் நிறைய மிச்சம் வைத்திருக்கிறது.

திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஹவர் தூங்கி வழிந்தால் மட்டும் எங்களைக் கைகாட்டாதீங்க!