சாய்கோடு படிக்கட்டாவது ஏன்?

கல்லூரி மலர்களிலே கட்டுரைகளைப் படியாதவரும் படங்களைப் பாராது விடுவதில்லை. கிரிக்கெற் குழு, மாணவ முதல்வர் அவை, நாடகக் குழு ஆகியவற்றின் படங்களிலே தம் முகத்தையும் நண்பர் முகத்தையும் தேடிக் காண்பதிற் பழைய மாணவர் அடையும் இன்பம் பெரிது. ஆயின், இக்காலத்து அச்சேறும் படங்கள் சிலவற்றில் ஒரு குறை காணப்படுகின்றது. சாய்த்துப் பிடித்த துடுப்பின் விளிம்பும், மண்டபக் கூரையின் சரிவும், கொடிக்கயிறும் நேரிய கோடுகளாய் அமையாது, வாளின் பல்போலவும் படிக்கட்டுப் போலவும் தோன்றுகின்றன. மூலப்படத்தில் இக்குறை இல்லை. படத்தைச் சிறிதாக்கும்போதே அது புகுகின்றது. அதன் காரணத்தையும் அதனைத் தவிர்க்கும் வழியையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கணினியிலுள்ள படம், பிக்சல் எனப்படும் சிறு சதுரங்களை நிரல்நிரையாக அடுக்கி ஆக்கப்பட்டது. ஒரு சதுரத்துக்கு ஒரே நிறந்தான் உண்டு. சாயமிட்ட பனையோலையினாற் பின்னிய பாயை நோக்குவோமாயின் இதன் இயல்பு விளங்கும். ஓலைகளின் போக்கிலே செல்லும் கோடு நேராக அமைகின்றது. அப்போக்குக்குக் குறுக்கே சாய்ந்து செல்லும் கோடோ படிபடியாகவே ஏறுகின்றது. படத்தின் நிலையும் இதுவே. கிடைக்கோடும் நிலைக்குத்துக்கோடும் சதுரங்களின் ஓரத்தோடு இயைந்துவிடுகின்றன. சாய்கோடு மட்டும் அவ்வாறு இயைவதில்லை.

இச்சதுரங்களின் வரலாறு சுவையானது. 1957-ஆம் ஆண்டில், அமெரிக்க தேசிய நியமங்கள் பணியகத்தைச் சேர்ந்த றசல் கேர்ஷ் என்பார் தம் கைக்குழந்தையின் புகைப்படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். அதன் அளவு 176 பிக்சல் அகலமும் 176 பிக்சல் உயரமுமாகும். சதுர வடிவைத் தேர்ந்தமை குறித்து அவர் பிற்காலத்தில் வருந்தினார்; முதுமையிலும் அதற்கு மாற்றுக்காண முயன்றார். 2020-இல் அவர் காலமாயினார். சதுரங்களோ இன்றும் நிலைத்திருக்கின்றன.

இனிச் சிறிதாக்கும்போது நிகழ்வதைக் காண்போம். 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் உடைய படத்தை 800-க்கு 600 ஆகக் குறைக்கின்றோம் என்க. புதிய பிக்சல் ஒவ்வொன்றும் பழைய பிக்சல்கள் 25-இன் இடத்தைப் பெறுகின்றது. இருபத்தைந்தில் எந்த நிறத்தை அதற்குக் கொடுப்பது? எளிய முறை, நடுவிலுள்ள ஒன்றை எடுத்துக்கொண்டு ஏனைய 24-ஐயும் தள்ளிவிடுவதாகும். இதனை 'அண்மைப் பிக்சல் முறை' எனலாம். படிக்கட்டின் பிறப்பிடம் இதுவே. இரண்டு பிக்சல் தடிப்புள்ள சாய்ந்த கயிறு, எடுக்கப்பட்ட பிக்சலின்மேற் சிலவிடத்து விழும், சிலவிடத்து விழாது. ஆதலின் கயிறு துண்டுதுண்டாகின்றது. கூரை விளிம்பிலோ புதிய பிக்சல் முற்றும் கருமையாகும், அன்றேல் முற்றும் வெண்மையாகும். இடைநிலை இல்லை. கோடொன்றின் தொடர்ச்சியில் ஏற்படும் மிகச் சிறிய விலகலையும் மனிதக் கண் எளிதிற் கண்டுகொள்ளுமாதலின், அக்குறை உடனே புலனாகின்றது.

அறிவியலாளர் இதன் அடிப்படையை முன்னரே விளக்கியுள்ளனர். குளோட் ஷனன் 1949-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிற் கூறிய மாதிரியெடுப்புத் தேற்றத்தின் கருத்து யாதெனில், ஏறியிறங்கும் மாற்றமொன்றை உள்ளபடி காட்டவேண்டின் அதன் ஒவ்வோர் அலைக்கும் இரண்டுக்கு மேற்பட்ட மாதிரிகள் வேண்டும் என்பதாம். அதனினும் நுண்ணியவை மறைந்துபோவதில்லை, பொய்வடிவெடுத்து வெளிப்படுகின்றன. கோடிட்ட சட்டையிலே இல்லாத அலைவரிகள் தோன்றுவதும் இதனாலேயாம். எனவே, தள்ளுவதற்கு முன்னர்க் கலக்கவேண்டும். 25 பிக்சல்களில் 10 கருமையும் 15 வெண்மையும் ஆயின், புதிய பிக்சல் நாற்பது வீதக் கருமையுடைய சாம்பல் நிறம் பெறல்வேண்டும். இவ்விடைநிலை நிறங்கள் படிகளின் மூலைகளை மறைக்க, கண் அதனை நேர்கோடாகவே கொள்கின்றது.

படத்திருத்த மென்பொருள்களில் இதற்குரிய முறைகள் பல உள. 'பைலீனியர்' முறை அயலிலுள்ள 4 பிக்சல்களையும், 'பைகியூபிக்' முறை 16 பிக்சல்களையும் நோக்கி நிறத்தைக் கணிக்கின்றன. ஹங்கேரியிற் பிறந்த கணிதவியலாளர் கொர்ணேலியஸ் லான்சோஸ் பெயரால் வழங்கும் முறையும் பரந்த அயலை நோக்குவதே. சிறிதாக்கலின் அளவுக்கேற்ப இவ்வயலைச் சில மென்பொருள்கள் விரித்துக்கொள்ளும், சில விரிப்பதில்லை. ஐயமிருப்பின் 4000-த்தை 2000 ஆகவும், அதனை 1000 ஆகவும், பின்னர் 800 ஆகவும் படிமுறையாகக் குறைத்தல் நலம். இடையிலே படத்தைச் சேமித்தலாகாது. 'ஜேபெக்' வடிவிற் சேமிக்குந்தோறும் படம் சிறிது நலிவுறும்.

வேறு சில எச்சரிக்கைகளும் உள. 256 நிறங்கள் மட்டுமே கொண்ட படத்தில் இடைநிலை நிறங்களுக்கு இடமில்லை. அதனை முழுநிறப் படமாக மாற்றியபின்னரே குறைக்கவேண்டும். கூர்மையாக்கலைக் குறைத்தபின் சிறிதளவே செய்க. மிகுந்தால் மறைந்த படிகள் மீண்டும் தலைகாட்டும். விளைவைத் திரையில் நூறு வீத அளவில் வைத்தே மதிப்பிடுக. வேறளவிற் பார்க்கும்போது திரையே ஒரு பொய்ப்படிக்கட்டைக் காட்டக்கூடும்.

பெரிதாக்கலின் நிலை வேறு. அங்குப் படியை ஒருவாறு மழுப்பலாமேயன்றி, இல்லாத நுணுக்கத்தை மீட்டல் இயலாது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டுமெனக் கொள்வர். 6 அங்குல அகலப் படத்துக்கு 1800 பிக்சல் தேவை. 600 பிக்சல் படத்தை அவ்வகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 100 மட்டுமே அமையும். இக்காலச் செயற்கை அறிவு மென்பொருள்கள் முகத்தைத் தெளிவாக்கித் தருவதுண்டு. அத்தெளிவு ஊகத்தாற் பிறந்தது. நம் ஆசிரியரின் முகமாகாது, அவரைப்போன்ற ஒருவரின் முகமாகவும் அது அமைந்துவிடலாம்.

ஆதலின் யாவற்றிலும் தலையாய விதி ஒன்றுண்டு: மூலப்படத்தைத் தொடாது வைத்து, அதன் பிரதியையே சிறிதாக்குக. சிறிதாக்கிய படத்தை மூலத்தின் பெயரிலேயே சேமித்தால், தள்ளப்பட்ட 24 பிக்சல்களும் என்றென்றும் தொலைந்தனவாம். போரினாலும் இடப்பெயர்வினாலும் நம்மவர் இல்லங்கள் பலவற்றிலே படத்தொகுப்புகள் அழிந்தன. ஒரு குழுப்படத்தின் ஒரே பிரதி எங்கோ ஒருவரது பெட்டியில் எஞ்சியிருக்கலாம். அதனை ஸ்கானரில் இட்டுப் பெரிய அளவிற் பதிவுசெய்து, அம்மூலக்கோவையையே மலர்க்குழுவினருக்கு அனுப்புக. கைப்பேசிச் செய்திச் செயலிகள் பல படத்தைச் சுருக்கியே அனுப்புகின்றன. மின்னஞ்சலில் முழுக்கோவையாக இணைத்தல் சாலச் சிறந்தது. பின்வரிசையின் ஓரத்தில் நிற்கும் சிறுவனின் முகம் சில பத்துப் பிக்சல்களே கொண்டது. அவற்றைக் காப்பது நம் கடன்.