வேலி போட்ட காலத்துக் கவிதை

ரொமான்டிக் கவிதை என்று பேச்செடுத்தாலே நம் கல்லூரி நோட்ஸ்கள் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் பூக்களிடம் போய் நின்றுவிடுகின்றன. இயற்கை, கற்பனை, உணர்ச்சி என்று மூன்று சொற்களை உருப்போட்டால் மதிப்பெண் நிச்சயம். அந்தக் கவிதைகளில் இவை இல்லாமலில்லை. ஆனால் 1798-இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் பெயர் போடாமல் வெளியிட்ட 'லிரிக்கல் பாலட்ஸ்' தொகுப்பைப் புரட்டினால் எதிர்ப்படுகிறவர்கள் வேறு ஆட்கள். குளிர் தாங்காமல் அடுத்தவன் வேலியில் சுள்ளி பொறுக்கி மாட்டிக்கொள்ளும் கிழவி, பிள்ளைகளின் பசிக்காக மந்தையை ஒவ்வோர் ஆடாக விற்றுத் தீர்க்கும் தகப்பன், வீடும் கணவனும் பறிபோய் அலையும் பெண். இவர்களை விட்டுவிட்டுப் பூவை மட்டும் கொய்து வந்தது யார் வேலை?

அந்த வேலிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1750-இலிருந்து நூறாண்டுக்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஏறத்தாழ 4,000 வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. ஏழை மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய பொதுநிலம் தனியார் சொத்தானது. நார்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் கிராமத்துக்கு அந்தச் சட்டம் 1809-இல் வந்தது. அங்கே பிறந்த கூலிக்காரர் ஜான் கிளேர் தன் ஊர்ப் புல்வெளி துண்டாடப்பட்டதைக் கண்ணால் கண்டு எழுதினார். அவருடைய முதல் நூல் 1820-இல் வெளிவந்து நன்றாக விற்றது. பணக்காரரைச் சபிக்கும் வரிகள், ஆதரவு தந்த பெருந்தனக்காரர் ஒருவரின் நெருக்குதலால் பின்னர் வந்த பதிப்பில் நீக்கப்பட்டன. நோட்ஸ் போடுகிறவர்களுக்கு அன்றே முன்னோடி இருந்திருக்கிறார்! வேர்ட்ஸ்வொர்த்தும் 1801-இல் 'மைக்கேல்' கவிதை அடங்கிய 'லிரிக்கல் பாலட்ஸ்' இரண்டாம் பதிப்பை அரசியல் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்கு அனுப்பி, சிறு நிலச் சொந்தக்காரர்கள் அழிந்துவருவதைக் கடிதத்தில் எடுத்துச் சொன்னார். வெறும் ரசிகருக்கு அரசியல்வாதியிடம் என்ன வேலை?

பிரெஞ்சுப் புரட்சியும் ரூசோவும் பழைய நாட்டுப் பாடல்களும்தான் ரொமான்டிக் கவிதைக்கு மூலம் என்பார்கள், அவற்றுக்கும் பங்குண்டு. கீட்ஸின் குயிலுக்கும் வேலிக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. லண்டனில் பிறந்த கீட்ஸ் இந்தக் கணக்கில் சரியாகப் பொருந்தமாட்டார், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அவருடைய சமகாலத்தவர்களைப் பாருங்கள். தறிகளை உடைத்த நெசவாளர்களுக்குத் தூக்குத் தண்டனை கூடாது என்று 1812-இல் பிரபுக்கள் சபையில் தன் முதல் உரையை நிகழ்த்தியவர் பைரன். மான்செஸ்டரில் 1819-இல் கூட்டத்தின்மீது குதிரைப்படை பாய்ந்த செய்தி கேட்டு இத்தாலியிலிருந்து நெடுங்கவிதை எழுதியவர் ஷெல்லி. இவர்களையெல்லாம் அழகைப் பார்த்து மயங்கிய கூட்டமாகக் காட்டுவது மாணவருக்குச் செய்யும் துரோகம். ரொமான்டிக் கவிதை நடத்தும் ஆசிரியர்கள், பூர்வீக நிலத்தைக் காப்பாற்ற மகனை நகரத்துக்கு அனுப்பி இரண்டையும் இழந்த ஆட்டிடையன் மைக்கேலின் கதையை முதல் வகுப்பில் எடுக்க வேண்டும். டாஃபடில் பூக்கள் அடுத்த வாரம் வரட்டும்.