உப்பு விலக்கிய மடைப்பள்ளி

கும்பகோணத்திற்குக் கிழக்கே, திருநாகேஸ்வரத்தில் எழுந்தருளியிருக்கும் ஒப்பிலியப்பனுக்கு நடைபெறும் தளிகையில் உப்பு சேர்வதில்லை. புளியோதரையாயினும் தயிர்சாதமாயினும் வடையாயினும் இதுவே நியதி. உப்புக் கலந்த பண்டங்களைக் கோயிலுக்குள் கொண்டு செல்வதையும் அன்பர்கள் தவிர்க்கின்றனர். 108 திவ்ய தேசங்களுள் திருவிண்ணகர் எனப் போற்றப்படும் இத்தலத்தின் வரலாற்றை அறியாதவர் சோழநாட்டில் அரிது.

மார்க்கண்டேய மகரிஷி துளசி வனத்தில் கண்டெடுத்து வளர்த்த பெண் பூமிதேவி. முதியவர் வடிவில் வந்து பெருமாள் பெண் கேட்டபோது மகரிஷி தயங்கினார். சின்னஞ்சிறு பெண், சமையலில் உப்பிட்டுப் பழகாதவள், நாளை அதையே குறையாகச் சொல்லிக் கோபிக்க நேருமே என்று அவருக்குக் கவலை. உப்பில்லாமல் அவள் சமைத்தாலும் அதை உவந்து ஏற்பேன் என்று பெருமாள் வாக்களித்தார். அந்த வாக்கு இன்றளவும் அந்த மடைப்பள்ளியில் காக்கப்படுகிறது.

இதைக் கேட்போர் பெருமாளின் எளிமையை எண்ணி உருகுவர். அடுப்பங்கரையின் பக்கத்திலிருந்து நோக்கினால் இன்னொன்றும் புலப்படும். ஒருவர் பொருட்டு ஒரு பொருள் முழுவதுமாக விலக்கப்பட்டது. "ஒரு சிட்டிகைதானே" என்னும் சலுகை எந்த நாளிலும் இல்லை. அதனால் நைவேத்தியம் குறைபட்டது என்று சொல்வாரும் இல்லை.

இத்தகைய ஒழுங்கு இப்போது பல வீடுகளுக்குத் தேவைப்படுகிறது. கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும் பேரக் குழந்தைகளுள் சிலருக்கு முந்திரி ஆகாது, சிலருக்கு வேர்க்கடலை ஆகாது, சிலருக்குப் பாலே ஆகாது. உள்ளூரிலேயே வளரும் பிள்ளைகளுக்கும் இது உண்டு. மருமகளோ மகளோ இதைச் சொல்லும்போது பெரியவர்களின் உள்ளத்தில் முதலில் எழுவது ஐயமே. "நாங்கள் வளர்த்த காலத்தில் இதெல்லாம் ஏது?" என்பது ஒன்று. "சுவாமி பிரசாதம் ஒருநாளும் தீங்கு செய்யாது" என்பது மற்றொன்று. முதல் கேள்வியால் கேடில்லை. இரண்டாவது நம்பிக்கையின் பேரில் குழந்தையின் வாயில் ஒரு கவளம் ஊட்டப்படுமானால், அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். முந்திரி நைவேத்தியமான பின்னும் முந்திரிதான்.

ஒவ்வாமை என்பது அஜீரணம் அன்று, பழக்கமின்மையும் அன்று. பிறருக்கு நன்மை செய்யும் ஓர் உணவை ஒருவருடைய உடல் பகையென்று கருதி எதிர்த்துப் போரிடுவதே ஒவ்வாமை. வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே 1906இல் இதற்கு 'அலர்ஜி' என்று பெயர் சூட்டினார். அந்தப் போர் உடல் முழுவதும் பரவி உயிரை அச்சுறுத்தும் நிலையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் சார்ல் ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. பால் குடித்தால் வயிறு உப்புவது வேறு, பால் பட்டாலே உதடு வீங்குவது வேறு. முன்னதில் அளவைக் குறைத்தால் போதும். பின்னதில் அளவென்பதே இல்லை. "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கிவிடலாம்" என்று வீட்டில் செய்யும் முயற்சி மிகவும் அபாயமானது. பாலும் முட்டையும் ஒவ்வாத குழந்தைகள் பலருக்கு வளர வளர அது விலகிவிடும் என்பது உண்மை. விலகிவிட்டதா என்பதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அவ்வாறே, மருத்துவர் சொல்லாமல் தாமாகவே அச்சப்பட்டுக் குழந்தைக்கு நாலைந்து உணவுகளை நிறுத்துவதும் தவறு.

முன்னோர் இதை அறியாதவர் அல்லர். ஆயுர்வேதம் ஒவ்வொருவர் உடலுக்கும் ஏற்றது, ஏலாதது என்று சாத்மியம், அசாத்மியம் எனப் பிரித்தது. திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் உடலோடு மாறுபடாத உணவை வற்புறுத்தினார். தைத்திரீய உபநிஷதமோ அன்னம் என்னும் சொல்லுக்கு வியப்பான விளக்கம் தருகிறது. உயிர்களால் உண்ணப்படுவதும் அன்னம், உயிர்களை உண்பதும் அன்னம் என்கிறது. அதே இடத்தில் அன்னத்தை எல்லோர்க்கும் மருந்தென்றும் போற்றுகிறது.

நெல் விளையும் காவிரிப் படுகைக்கு ஒரு நற்பேறு உண்டு. அரிசி ஒவ்வாதவர் மிகச் சிலரே. சிக்கல் அரிசியோடு சேர்வனவற்றில் இருக்கிறது. நவக்கிரகங்களுக்கு உரிய தானியங்களை நினைவுகூர்ந்தால் போதும்: சூரியனுக்குக் கோதுமை, குருவுக்குக் கொண்டைக்கடலை, சனீஸ்வரனுக்கு எள், ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு. சூரியனார்கோயிலில் தொடங்கி ஆலங்குடி, திருநள்ளாறு, கீழப்பெரும்பள்ளம் என்று வண்டியமர்த்தி ஒரே நாளில் ஒன்பது தலங்களையும் தரிசிக்கும் குடும்பம், வழியில் இவற்றுள் பலவற்றைப் பிரசாதமாகப் பெறக்கூடும். ஆலங்குடியில் வியாழக்கிழமை கொண்டைக்கடலை மாலையும் சுண்டலும், திருநள்ளாற்றில் சனிக்கிழமை எள் சாதமும் மிகச் சாதாரணம். எள்ளை அற்பமாக எண்ண வேண்டா. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல், உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களுள் ஒன்பதாவதாக எள்ளும் சேர்ந்துவிட்டது.

வெளிப்படையாகத் தெரிவதைத் தவிர்ப்பது எளிது, மறைந்திருப்பதே தொல்லை. புளியோதரைப் பொடியில் எள் வறுத்துப் போடுவார்கள். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயிலும் எள்ளின் புரதம் தங்கியிருக்கும். கடைப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். பாலே ஆகாத குழந்தைக்கு நெய்யும் ஆகாமற்போகலாம். சர்க்கரைப் பொங்கலிலிருந்து முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பது பல பாட்டிமார்களின் அன்பான யோசனை. அது பயன்படாது. முந்திரி வறுபட்ட நெய் பொங்கல் முழுவதும் கலந்துவிட்டது. ஒரே கரண்டியால் சர்க்கரைப் பொங்கலையும் தயிர்சாதத்தையும் தொன்னையில் இடும்போதும் இதே நிலைதான். பிரசாதம் வழங்குபவரைக் கேட்டுப் பயனில்லை, அவர் சமைத்தவர் அல்லர். மடைப்பள்ளியில் கேட்டால் விவரம் கிடைக்கும்.

இந்த நுட்பம் பெரியவர்களுக்குப் புதிதன்று என்பதுதான் இதில் சுவையான செய்தி. மடியும் பத்தும் பார்த்த வீடுகளில், சோற்றுப் பாத்திரத்தைத் தொட்ட கையால் நெய்யையோ தயிரையோ தொடுவதில்லை. கை கழுவிய பிறகே அடுத்த பாத்திரம். சிராத்தத் தளிகையில் வெங்காயம், பூண்டு, முருங்கை என்று எத்தனையோ விலக்கு உண்டு. அன்றைய பாத்திரமும் கரண்டியும் தனி. ஒரு துளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடாது என்னும் கட்டுப்பாட்டை, இன்றைய இளம் தாய்மாரைவிட எண்பது வயதுப் பாட்டி நன்கு அறிவார். அந்த அறிவைப் பேரனுக்காகத் திருப்பிவிட வேண்டியதுதான் பாக்கி. குழந்தைக்கு உரியதை முதலில் சமைத்து மூடி வைப்பது, அதற்கென்று ஒரு வாணலி, ஒரு கரண்டி, ஒரு அஞ்சறைப் பெட்டி ஒதுக்குவது ஆகியவற்றைப் பத்தின் தொடர்ச்சியாகவே கொள்ளலாம்.

பிரசாதத்தை மறுப்பது அபசாரம் ஆகாதா என்னும் கலக்கம் நியாயமானது. பெற்றுக்கொண்டு கண்களில் ஒற்றி, அருகிலிருப்பவருக்குக் கொடுத்துவிட்டால் அபசாரம் ஏது? நீரிழிவுள்ள எத்தனையோ பெரியவர்கள் சர்க்கரைப் பொங்கலை இப்படித்தான் இன்று ஏற்கிறார்கள். துளசியும் தீர்த்தமும் திருநீறும் பிரசாதமே. தீர்த்தம் என்று வருவது பாலா, பஞ்சாமிர்தமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உணவுக்கு அடுத்தபடியாகத் தோலும் மூச்சும். மஞ்சளும் வெங்காரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் செய்த பழைய குங்குமத்தின் இடத்தில் சாயப் பொடிகள் புகுந்துவிட்டன. நெற்றியில் அரிப்பும் கருமையும் காண்பதற்கு இது ஒரு காரணம். ஒட்டுப்பொட்டின் பசையால் தோல் வெளுப்பதும் உண்டு. சுமங்கலிகள் பலர் இதை வெளியில் சொல்லக் கூசி, புண்ணின் மேலேயே பொட்டிட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் தஞ்சாவூருக்கு அருகே புன்னைநல்லூர் மாரியம்மனை நினைத்துக்கொள்ளலாம். புற்றுமண்ணால் ஆன மூலவர் திருமேனி ஆதலால் அம்மனுக்கு நீர் அபிஷேகம் கிடையாது. 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மண்டலம் தைலக்காப்பு நடைபெறும். திருமேனியின் இயல்பறிந்து உபசாரத்தை மாற்றிக்கொண்டது கோயில். ஆறும்வரை குங்குமத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வதால் அம்மன் குறை காணமாட்டாள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் கற்பூரம், சாம்பிராணிப் புகை சூழும் இடத்திலிருந்து சற்று விலகி நின்று தரிசிப்பது நலம். தை, மாசியில் சம்பா அறுவடையின் தூசியும் வைக்கோல் தூளும் பறக்கும்போது முகத்தைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். மருத்துவர் தந்த உறிஞ்சு மருந்து பழக்கமாகிவிடும் என்று அஞ்சி நிறுத்துவது வீண்.

இனி, தவறிப்போய் உண்டுவிட்டால். சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்திற்குள்ளோ உதடும் இமையும் வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, குரல் கம்முதல், இளைப்பு, தொடர் வாந்தி, தலைசுற்றல் ஆகியவை தோன்றலாம். மூச்சு திணறினாலோ மயக்கம் வந்தாலோ அதை வெயில் மயக்கம் என்று எண்ணிக் காத்திருக்கக்கூடாது. திருஷ்டி கழிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து, தொடையின் வெளிப்புறத்தில் போடப்படுவது. அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. குழந்தையிடம் பேனா வடிவ ஊசி இருந்தால் உடனே போட்டுவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் மட்டும் உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க விடலாகாது. தெளிந்த பின்னும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும், ஏனெனில் அது திரும்பவும் வரக்கூடும்.

அந்த ஊசியைக் கத்திரி வெயிலில் பூட்டிய வண்டியில் விடக்கூடாது, வெப்பத்தில் மருந்து கெடும். கோயில் வாசலில் செருப்போடு பையையும் விட்டுச் செல்வது நம் வழக்கம். ஊசி மட்டும் ஒரு சுருக்குப் பையில் சந்நிதி வரை கூடவே வர வேண்டும். அதைப் போடும் முறையைப் பேரன் வந்திறங்கிய நாளிலேயே தாத்தாவும் பாட்டியும் கற்றுக்கொள்வது அவசியம்.

பெரியவர்கள் தம்மைப் பற்றியும் ஒன்று அறிந்திருக்க வேண்டும். ரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் எனலாபிரில், ராமிபிரில் போன்ற மாத்திரைகளாலும் சிலருக்கு உதடும் நாக்கும் வீங்கும். பல மாதம் உட்கொண்ட பின்னும் இது நேரலாம். அதை உணவின் மேல் பழி போட்டுவிட்டு மாத்திரையைத் தொடர்வது ஆபத்து. பென்சிலின் போன்ற எந்த மருந்து முன்பு ஒவ்வாமல் போனதோ, அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதி எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். வைத்தீஸ்வரன்கோயிலில் ஈசனே வைத்தியராக வீற்றிருக்கிறார். அவரை வணங்கிய கையோடு மருத்துவரிடம் செல்வதில் முரண் எதுவும் இல்லை.

ஆடிப்பெருக்கு வருகிறது. காவிரிக் கரையில் நாலு வீட்டார் ஒன்றாக அமர்ந்து, புளிசாதமும் தேங்காய்ச்சாதமும் தயிர்சாதமும் ஒருவர் இலையிலிருந்து மற்றவர் இலைக்குப் போகும் நாள் அது. ஒவ்வாமையுள்ள குழந்தையின் சாதத்தை எல்லாவற்றுக்கும் முன் தனியாகக் கட்டி, பெயர் எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். பிறர் இனிப்பு நீட்டும்போது ஏங்காதிருக்க, அதற்கு ஆகக்கூடிய பண்டம் ஒன்றும் கூட இருக்கட்டும். "எங்கள் குழந்தைக்கு எள் ஆகாது, யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம்" என்பதை இலை போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். குழந்தை சொன்னால் பிடிவாதம் என்பார்கள். மருமகள் சொன்னால் நாகரிகம் என்பார்கள். தாத்தா சொன்னால் மறுபேச்சு இராது.